சீட்டு வேண்டாம் என்றாள் அம்மா

போன மாதம் போலீஸ் ஸ்டேஷனில் எனக்கு நாற்காலி போட்டார்கள். இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்காதீர்கள், எனக்கு அது செய்திதான். வாசலில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரை எவனோ பட்டப்பகலில் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், வாங்கின பில், எதிர்வீட்டுக் கேமராவில் விழுந்த படம் என்று ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு போனேன். என் மகன் வயதுள்ள எஸ்.ஐ. ஒருவர், "உக்காருங்கம்மா, டீ சாப்பிடுறீங்களா?" என்றார். உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் பொலபொலவென்று அழுகை வந்துவிட்டது. "அழாதீங்கம்மா, வண்டி கெடச்சிரும்," என்று பாவம் அந்தப் பிள்ளை தேற்றியது. அந்த வண்டிக்கு யார் அழுவார்கள்? ஏழு உதை உதைத்தால்தான் கிளம்பும். திருடினவனை நினைத்தால்தான் எனக்குப் பரிதாபமாக இருந்தது.

நான் அழுதது எங்கம்மாவை நினைத்து. அவளும் ஒரு முறை களவு போனதைச் சொல்ல ஸ்டேஷனுக்குப் போனாள். அவள் கையில் பை எதுவும் இல்லை, காகிதமும் இல்லை. அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவள் நின்றாள், நின்றுகொண்டே பதில் சொன்னாள், கடைசியில் நின்ற இடத்திலேயே களவாணியாகிப் போனாள். அதில் எனக்கும் பங்கு உண்டு. அதைத்தான் சொல்ல வருகிறேன், ஆனால் நேராகச் சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது. கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெரு போடியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு, மலைத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்பு ஹாரன் அடிக்கும். தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள் ஓடுவார்கள், புருசனுடைய பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டு. பக்கத்து ஊரான சிலமலையிலிருந்து நடந்தே வந்து ஏறுகிறவர்களும் உண்டு. ஒரு ஜீப்பில் பதினாறு பேர், பின்னால் தொற்றிக்கொண்டு வருகிறவர்கள் போக. "வெரசா ஏறுங்கத்தா, மலை மெட்டுல மழை எறங்கிருச்சு," என்று டிரைவர் கத்துவார். ஜீப்புகள் மலையேறிப் போனபிறகு தெருவில் மிஞ்சுவது கோழிகளும் எழுந்து நடக்க முடியாதவர்களும்தான். சாயங்காலம் ஐந்தரைக்கு எல்லோரும் திரும்பி வந்து, வாசலில் உட்கார்ந்து, காலில் ஒட்டிய அட்டைகளை உப்பு வைத்து உதிர்ப்பார்கள். அதுவரைக்கும் தெரு முழுக்கப் பூட்டுதான். கதவைவிடப் பூட்டு கனமாக இருக்கும்.

திருடன் பணக்காரன் வீட்டைத்தான் தேடிப் போவான் என்று நீங்கள் நினைப்பீர்கள். அவன் என்ன கிறுக்கனா? அம்மா வேலை பார்த்த தோட்டத்து முதலாளி வீட்டில் சமையலுக்கு ஓர் ஆள், தோட்டத்துக்கு ஓர் ஆள், கேட்டில் ஒரு வாட்ச்மேன், அது போக நாய் இரண்டு. அந்த வீட்டில் ஆள் இல்லாத நேரமே கிடையாது. எங்கள் தெருவிலோ ஹாரன் சத்தத்தைக் கேட்டுவிட்டு எவன் வேண்டுமானாலும் நிம்மதியாகப் படுத்துத் தூங்கிவிட்டுப் பத்து மணிக்கு வரலாம். எத்தனை குடம் போனது, எத்தனை கோழி போனது, ஒருத்தி அடகு வைக்க எடுத்து வைத்திருந்த தோடு போனது. ஒருவரும் ஸ்டேஷனுக்குப் போனதில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய் நின்றால், 'உனக்கு ஏது தோடு' என்பார்கள். அதற்கு வாயை மூடிக்கொண்டு மறுநாள் ஜீப்பு ஏறுவது மேல்.

எங்கம்மா பேர் பேச்சி. இருபத்திரண்டு வருசம் ஒரே முதலாளியின் தோட்டத்தில் காய் எடுத்தாள். எங்கள் ஊரில் காய் என்றாலே ஏலக்காய்தான், கத்தரிக்காய்க்குத்தான் முழுப் பேர் சொல்ல வேண்டும். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். பத்தாவது முடித்ததும் நான் மலைக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தேன். அட்டை என்றால் எனக்கு உயிர் போய்விடும். அம்மா முதலாளியிடம் சொல்லி, போடியில் இருந்த அவருடைய கோடவுனில் என்னைக் காய் பொறுக்கச் சேர்த்துவிட்டாள். தரையில் உட்கார்ந்து, வெடித்த காய் ஒரு பக்கம், வெளுத்த காய் ஒரு பக்கம், பெருங்காய் ஒரு பக்கம் என்று பிரிக்கிற வேலை. தலைக்கு மேல் டியூப் லைட் எரிந்ததால் எனக்கு அது ஆபீஸ். தெருவில் யாராவது கேட்டால், "ஆபீஸ்ல சோலி," என்றுதான் சொல்வேன். உதட்டுச் சாயம் ஒன்றுதான் பாக்கி! பஸ்சில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் என் கையிலிருந்து வரும் வாசத்தை முகர்ந்துவிட்டு, "எங்கத்தா, கல்யாண வீட்டுல இருந்து வர்றியா?" என்பார்கள்.

முதலாளி நல்ல மனுசர் என்றுதான் ஊரில் பேர். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் எழுத்து முத்து முத்தாக இருக்கிறதென்று, தராசுக்குப் பக்கத்தில் நின்று மூட்டைக்குச் சீட்டு எழுத என்னை அவ்வப்போது கூப்பிடுவார். 'பாப்பா' என்பார். அப்பா இல்லாத பிள்ளைக்கு அந்த ஒரு வார்த்தை போதாதா? அதற்காகவே இன்னும் வட்டமாக எழுதுவேன்.

அம்மாவுக்கு வலது முட்டி தேய்ந்துபோனது. சரிவில் குத்துக்காலிட்டுக் காய் எடுக்க முடியவில்லை. இனிமேல் வரமுடியாது என்று சொல்லக் கோடவுனுக்கு வந்தாள். அந்த வருசம் காய் விலை அடிமட்டத்தில் கிடந்தது, மூட்டைகள் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தன. முதலாளி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஒரு சின்ன மூட்டையைக் காட்டினார். பதினைந்து கிலோ இருக்கும், நல்ல பச்சை.

"பேச்சி, இத்தனை வருசம் ஒழைச்சிருக்க. வெறுங்கையோட போகாத. இதைக் கொண்டு போயி வச்சுக்க, வெலை ஏறுறப்ப வித்துக்க," என்றார். என் பக்கம் திரும்பி, "பாப்பா, நான் குடுத்ததுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடு," என்றார்.

நான் பென்சிலை எடுத்தேன். எடுத்தேன் என்பதை மட்டும் மறக்காதீர்கள். அம்மாதான் பதறிப்போய்க் கையை நீட்டித் தடுத்தாள்.

"சீட்டு என்னத்துக்கு மொதலாளி? உங்க கையால குடுத்ததுக்குச் சீட்டா? யாராச்சும் கேட்டா உங்க பேரைச் சொல்லிட்டுப் போறேன்."

முதலாளிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "கேட்டியா பாப்பா உங்கம்மா பேச்சை," என்றார். நான் பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டேன். எங்கள் ஆட்களுக்கு அது ஒரு மரியாதை. கொடுத்தவரிடம் சீட்டு கேட்பது, பூசாரியிடம் திருநீற்றுக்கு ரசீது கேட்கிற மாதிரி. இருபத்திரண்டு வருசத்தில் அம்மா அந்த மனுசரிடம் எதற்கும் காகிதம் கேட்டதில்லை. அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வாள்.

வெளிச்சம் பட்டால் காயின் பச்சை வெளுத்துவிடும். கறுப்புப் பாலிதீன் பையில் கட்டி, அதை அலுமினிய அண்டாவுக்குள் இறக்கி, மேலே பழைய சேலையைப் போட்டு மூடினாள். நகையை ஒளிக்கலாம், காயை எப்படி ஒளிப்பது? ஒரே அறை வீடு. வெந்நீர் குடித்தால் ஏலக்காய் வெந்நீர், ரசம் வைத்தால் ஏலக்காய் ரசம். வாசலைத் தாண்டிப் போகிறவன் மூக்கு சொல்லிவிடும். போதாததற்கு அம்மாவின் வாய் வேறு. விலை ஏற ஏற அவளுக்கு ஆசையும் ஏறியது. அதை விற்று ஒரு கிரைண்டர் வாங்க வேண்டும், வாசலில் வைத்து இட்லி மாவு ஆட்டி விற்க வேண்டும், இனி யார் தோட்டத்துக்கும் போகக்கூடாது. இதைத் தெருவில் ஒருவர் விடாமல் சொன்னாள். "மாவு வேணும்னா எங்கிட்டதான் வரணும், ஆமா!" என்று இல்லாத கடைக்கு அப்போதே ஆள் பிடித்தாள். கால் ஒன்று போனாலும் உட்கார்ந்த இடத்தில் கஞ்சி குடிக்கலாம் என்ற தைரியம் அந்த அண்டாவுக்குள்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் முதலாளியின் தோட்டத்தில் களவு நடந்தது. மலையில் காய் உலர்த்துகிற ஸ்டோரின் ஓட்டைப் பிரித்து இறங்கி, நாலு மூட்டை காயைக் கொண்டுபோய்விட்டார்கள். அடேயப்பா, என்ன அமர்க்களம்! போலீஸ் நாயை ஜீப்பில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோனார்கள். எஸ்டேட்டு முழுக்க ஒரே வாசமாக இருந்தால் நாய் எதைத்தான் மோப்பம் பிடிக்கும்? நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, தும்மிவிட்டு, கங்காணி வீட்டு வாசலில் படுத்துக்கொண்டதாம். பேப்பரில் செய்தி வந்தது. கம்பத்திலிருந்தும் தேவாரத்திலிருந்தும் வியாபாரிகள் காரில் வந்து, நோயாளியைப் பார்ப்பது போல ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொடுத்துவிட்டுப் போனார்கள். போன காய்க்கெல்லாம் இன்சூரன்ஸ் இருந்தது. முதலாளி ஒரு வாரத்தில் பழையபடி சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த வாரம் அம்மா கிரைண்டர் விலை விசாரிக்கத் தேனிக்குப் போனாள். நான் கோடவுனில் இருந்தேன், தெரு மலையில் இருந்தது. மத்தியானம் அவள் திரும்பி வந்து பார்த்தபோது பூட்டு பூட்டியபடியே இருந்தது. நாதாங்கியை மட்டும் நிலையிலிருந்து பெயர்த்துப் போட்டிருந்தார்கள். அண்டா கவிழ்ந்து கிடந்தது. வீட்டில் வேறு எதையும் தொடவில்லை. தொட என்ன இருந்தது?

சாயங்காலம் மலையிலிருந்து இறங்கினதும் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். "ஆத்தா, போலீசு வாசலை மிதிக்காத. போனது போகட்டும்," என்று ஜீப்பு டிரைவர்கூடச் சொன்னார். அம்மா கேட்கவில்லை. "நான் என்ன களவாண்டா வச்சிருந்தேன்? மொதலாளி குடுத்தது. ஒரு வார்த்தை கேட்டாச் சொல்லிட்டுப் போறாரு," என்று மறுநாள் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். அவளுக்கு ஸ்டேஷனைப் பார்த்துப் பயமே இல்லை. முதலாளி பேர் இருக்கிறதே!

அங்கே ஏட்டு கேட்ட முதல் கேள்வி, "எப்பக் காணாமப் போச்சு?" என்பது அல்ல. "உனக்கு ஏது காய்?" என்பதுதான். பில் எங்கே, சீட்டு எங்கே, எந்த வண்டியில் வந்தது? முதலாளி பேரைச் சொன்னதும் ஏட்டுக்கு முகம் மாறிவிட்டது. போன வாரம்தான் அவருடைய ஸ்டோரில் காய் காணாமல் போயிருக்கிறது, இந்த வாரம் அவருடைய தோட்டத்தில் வேலை பார்த்தவள் வீட்டில் காய் இருந்ததாக அவளே வந்து சொல்கிறாள். களவு கொடுத்தவளைக் களவாணியாக்க அது போதாதா? பணக்காரன் வீட்டில் களவு போனால் வெளியே தேடுவார்கள், ஏழை வீட்டில் களவு போனால் அந்த வீட்டுக்குள்ளேதான் தேடுவார்கள். ஏட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு நேராகக் கோடவுனுக்கு வந்துவிட்டார்.

நாங்கள் பன்னிரண்டு பேர் காய் பொறுக்கிக்கொண்டிருந்தோம். அம்மா உள்ளே வந்து முதலாளியைக் கும்பிட்டுவிட்டு என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். ஒரு நிமிசத்தில் முடிந்துவிடும் என்கிற சிரிப்பு. ஏட்டு விசயத்தைச் சொன்னார்.

முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேச்சிக்கு நான் காயா குடுத்தேன்? எனக்கு ஞாபகம் வரலையே ஏட்டையா," என்றார்.

அம்மா, "மொதலாளி, முட்டி வலின்னு வந்தேனே, அன்னைக்கு..." என்று ஆரம்பித்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. என் பக்கம் திரும்பினார்.

"சீட்டு எழுதறது பாப்பாதான். பாப்பா, அப்படி ஏதும் குடுத்தமா?"

அதற்கு முந்தின வாரம்தான் அவர் என்னிடம், அடுத்த மாதத்திலிருந்து தராசுக்குப் பக்கத்தில் நிரந்தரமாக உட்கார்ந்துகொள் என்று சொல்லியிருந்தார். நாற்காலி, மேலே ஃபேன். கூலி போய்ச் சம்பளம். இதையெல்லாம் அந்த நேரத்தில் நினைத்தேனா என்று கேட்டால், சத்தியமாகத் தெரியவில்லை. பயந்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள், இத்தனை நாளாக நானும் அப்படித்தான் நம்ப முயற்சி செய்கிறேன். வாய் மட்டும் தானாகத் திறந்தது.

"தெரியல மொதலாளி," என்றேன்.

இல்லை என்றுகூடச் சொல்லவில்லை, பாருங்கள். தெரியல! பாம்பும் சாகக்கூடாது, கம்பும் உடையக்கூடாது என்று ஒரு பதில். அவர் ஏன் என்னைக் கேட்டார் என்பது அப்புறம்தான் புரிந்தது. பொய் மூட்டையை இரண்டு பேர் தூக்கினால் கனம் தெரியாதே.

"உம் மகளே தெரியாதுங்கிறா. ஸ்டோர்ல போன காயில இதும் சேத்தியா? உள்ளதைச் சொல்லிரு," என்றார் ஏட்டு.

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் இன்றைக்கு எனக்கு எவ்வளவோ தேவலையாக இருக்கும். அவள் ஏட்டு பக்கம் திரும்பி, "அய்யா, எழுதினதைக் கிழிச்சிருங்க. எங்க வீட்டுல ஒண்ணும் காணாமப் போகல. நான்தான் புத்தி கெட்டுப்போயி வந்து சொல்லிட்டேன்," என்றாள்.

"விடுங்க ஏட்டையா, வயசான பொம்பள. ஏதோ தப்பாச் சொல்லிருச்சு," என்றார் முதலாளி. மன்னித்துவிட்டார், கேட்டீர்களா! என் அம்மாவை அவர் மன்னித்துவிட்டார்! பன்னிரண்டு பேருக்கு முன்னால் அவள் அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து போனாள். நான் குனிந்து காய் பொறுக்கினேன். அன்றைக்கு நல்ல காயெல்லாம் வெடித்த காயோடு கலந்துவிட்டது என்று திட்டு வாங்கினேன்.

சாயங்காலம் அவர் போனில் யாரிடமோ பேசியது காதில் விழுந்தது. "ஒருத்திக்குக் குடுத்தேன்னு ஒத்துக்கிட்டா, நாளைக்கு வேலைய விட்டு நின்னவளுக அம்புட்டுப் பேரும் வாசல்ல வந்து நிப்பாளுக." அவ்வளவுதான் காரணம். இருபத்திரண்டு வருசத்துக்கு அந்த ஒரு வரி.

வீட்டுக்குப் போகப் பயந்து பயந்து போனேன். அம்மா அடித்திருக்கலாம், வைதிருக்கலாம். சோறு போட்டாள். "கொழம்பு போதுமா?" என்று கேட்டாள். அடுத்த வாரம் விடியற்காலை ஹாரன் அடித்தபோது அவளும் எழுந்து தூக்குவாளியை எடுத்தாள். வேறொரு தோட்டம். அந்த முட்டியோடு இன்னும் ஆறு வருசம் மலையேறினாள். ஜீப்பில் ஏற்றிவிட இரண்டு பேர் வேண்டும். நான் தராசு பக்கத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து முத்து முத்தாக எழுதினேன். தீபாவளிக்கு முதலாளி, "அம்மாவுக்குக் குடு," என்று ஒரு நல்ல சேலை கொடுத்தார். வழக்கமாகக் கொடுப்பதைவிட விலை கூடினது. அம்மா பிரித்துப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு," என்றாள். மறுநாளே அதைக் கட்டி, மேலே அழுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு, அட்டைக்கும் சேற்றுக்கும் போனாள். ஒரு மாதத்தில் அது கிழிந்து கரித்துணியானது. அந்தச் சேலையைப் பற்றி நானும் கேட்கவில்லை.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். எங்கம்மா சொல் அம்பலம் வரைக்கும் வந்துதான் நின்றது. ஏற விடாமல் கதவைச் சாத்தினவள் அவள் வயிற்றில் பிறந்தவள். எடுத்துக்கொண்டு போன திருடன் யாரென்று இன்றுவரை தெரியாது. சத்தியமாகச் சொல்கிறேன், அவன் மேல் எனக்கு ஒரு துளி கோபம்கூட இல்லை.

கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பெற்று, என் வீட்டுக்காரரின் மளிகைக் கடை கொஞ்சம் தலையெடுத்த பிறகு அம்மாவை என்னோடு கூட்டிவந்துவிட்டேன். ஒரு பெரிய கிரைண்டர் வாங்கிக் கொடுத்தேன். அதை அவள் தொடவே இல்லை. கடைசியாகப் படுத்துவிட்டபோது ஒரு நாள் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, அந்தக் காய் விசயத்துல நான் அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

அவள் என்னை நிதானமாகப் பார்த்து, "எந்தக் காய்? நம்ம வீட்டுல ஏதுடி காயி?" என்றாள்.

மறந்துபோய்ச் சொன்னாளா, மன்னித்துச் சொன்னாளா, இல்லை, நான் சாகிற வரைக்கும் சுமக்கட்டும் என்று சொன்னாளா? கேட்க எனக்கு வாய் வரவில்லை. நாலு நாளில் போய்விட்டாள்.

இப்போது அந்தக் கோடவுன் இல்லை, இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். முதலாளி போய்ச் சேர்ந்தார், தோட்டத்தை மகன்கள் விற்றுவிட்டார்கள். அந்த ஏட்டு எந்த ஊரில் இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ. என்னோடு தரையில் உட்கார்ந்திருந்த பதினோரு பேரில் இரண்டு பேரை எப்போதாவது சந்தையில் பார்க்கிறேன், அவர்களுக்கு அது ஞாபகமில்லை. பதினைந்து கிலோ பச்சைக் காய் ஒரு மூட்டை எங்கள் வீட்டில் இருந்தது என்பதற்கு இந்த ஊரில் மிச்சமிருக்கிற ஒரே சாட்சி நான்தான். இப்போது எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும் நாற்காலி போட்டு, டீ கொடுத்து, நான் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்வார்கள்.

கொடுத்தார். நான் பார்த்தேன். சீட்டு எழுதப் பென்சில்கூட எடுத்தேன். இதைக் கேட்க வேண்டியவள்தான் இல்லை.